பவானி திரும்பும் இடம்: சைலன்ட் வேலிக்கு ஒரு மூன்று நாள் பயணம்

எங்கள் தோட்டம் காங்கேயம் பக்கம், கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. சுமார் 200 கிலோமீட்டர் ஓடி வரும் வாய்க்கால். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய வேண்டிய தண்ணீர். மேலே இருப்பவர்கள் பாய்ச்சி முடித்து, மிச்சம் இருந்தால்தான் எங்கள் மடைக்கு வரும். அதனால் எங்கள் வீட்டில் காலையில் பேப்பர் வந்ததும் முதலில் தேடுவது பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தைத்தான். 105 அடியில் எத்தனை அடி? அதைப் பார்த்துத்தான் நெல்லா, கடலையா, எள்ளா என்ற பேச்சே ஆரம்பிக்கும்.

என் அப்பாவுக்கு 72 வயது. அணைக்குப் பத்து இருபது தடவை போயிருப்பார். போன வருஷம் ஒருநாள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "அணை வரைக்கும் பாத்தாச்சு. அதுக்கு மேல இந்த ஆறு எங்கிருந்து வருதுன்னு ஒரு நாள்கூடப் போய்ப் பாக்கலியே, அப்புனு."

எனக்கும் தெரியாது. விசாரித்த பிறகுதான் புரிந்தது. பவானி நீலகிரியில் பிறக்கிறது. பிறந்ததும் நேராக நம் பக்கம் வருவதில்லை. முதலில் கேரளாவுக்குள் இறங்குகிறது. பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் முக்காலி என்ற ஊருக்குப் பக்கத்தில் கிழக்கே திரும்பி, மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வந்து, பில்லூர் வழியாக பவானிசாகரில் சேர்கிறது. கேரளாவில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. அப்படித் திரும்பும் இடத்திலிருந்துதான் சைலன்ட் வேலி மழைக்காட்டுக்குள் போகும் பாதையும் கிளம்புகிறது. அமைதிப் பள்ளத்தாக்கு என்று நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் படித்த அதே காடு.

போய் வந்தோம். போவதற்கு முன்னால் ஒரு தடவை ஏமாந்தும் வந்தோம். இரண்டையும் எழுதினால் உங்களில் யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் தடவை செய்த தப்பு

பொங்கல் லீவில் கிளம்பினோம். பட்டிப் பொங்கல் முடிந்த மறுநாள் விடியற்காலையில் வண்டி பிடித்து, பத்தரை மணிக்கு முக்காலி போய்ச் சேர்ந்தோம். வனத்துறை அலுவலகத்தின் முன்னால் பெரிய கூட்டம். காட்டுக்குள் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு உண்டு. அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. முன்பதிவு செய்தீர்களா என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி போய் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தது எங்கள் தப்புதான். ஆற்றங்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வரும் வழியெல்லாம் அப்பா ஒன்றும் பேசவில்லை.

பாதுகாக்கப்பட்ட காடு வேறு, சுற்றுலாத் தலம் வேறு. அங்கே நம் வசதிக்குக் காடு திறக்காது. காட்டின் வசதிக்கு நாம்தான் போக வேண்டும்.

இரண்டாம் தடவை: மாடு, மடை, பணம்

விவசாயி மூன்று நாள் வெளியூர் போவது லேசான காரியம் இல்லை. டிக்கெட்டை யோசிப்பதற்கு முன்னால் கட்டுத்தறியை யோசிக்க வேண்டும். எங்களிடம் கறவை மாடு இரண்டு. என் மச்சான் மூன்று நாளும் வந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவதாகச் சொன்னார். அவர் பழனிக்குப் போகும்போது அவர் மாடுகளை நான் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. கன்று போடும் தறுவாயில் மாடு இருந்தால் கிளம்பாதீர்கள். பயணம் அடுத்த வருஷமும் போகலாம்.

அடுத்தது தண்ணீர். கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை இருப்பது பாசனக்காரர்களுக்குத் தெரியும். ஆகஸ்ட்டில் எங்கள் மதகுக்கு விட்ட நஞ்சைத் தண்ணீர் டிசம்பரில் நின்றுவிட்டது. ஜனவரியிலிருந்து முறை மற்றவர்களுக்கு. அறுவடையும் முடிந்தாயிற்று. அதனால் மாசி மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

காட்டுக்கும் அது ஏற்ற காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்க்கும். பாதை சரியும், அட்டை மொய்க்கும், பல நாள் அனுமதியே இருக்காது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை போவது நல்லது. கோடை முற்றிவிட்டால் காட்டுத்தீ பயத்தால் அனுமதி நிறுத்தப்படுவதும் உண்டு. அதனால் எந்த மாதம் போனாலும், கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு போன் செய்து, "நாளைக்குக் காடு திறந்திருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பதிவு முக்கியம். முக்காலியில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் போனிலேயே கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு கூட்டம் அதிகம். மகளுக்குப் பள்ளியில் இரண்டு நாள் லீவு சொன்னோம். எல்லோருடைய ஆதார் அட்டையும் எடுத்துக்கொண்டோம்.

பணத்தைப் பொறுத்தவரை, காட்டுக்குள் நம் சொந்த வண்டி போகக் கூடாது. அங்கே உள்ள ஜீப்பில்தான் போக வேண்டும். வழிகாட்டி ஒருவர் கட்டாயம். இந்த ஜீப் செலவுதான் பெரியது. இரண்டு பேர் போனாலும் அதே வாடகை, வண்டி நிறையப் போனாலும் அதே வாடகை. அதனால் ஆள் சேர்த்துக்கொண்டு போவதுதான் கட்டுப்படியாகும். நானும் அப்பாவும், என் வீட்டுக்காரம்மா, மகள், பக்கத்துத் தோட்டத்து அண்ணன், அவர் வீட்டு அக்கா என்று ஆறு பேர் சேர்ந்தோம். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் நான் கொடுத்ததை இங்கே எழுதவில்லை. பதிவு செய்யும்போதே நுழைவு, ஜீப், வழிகாட்டி மூன்றையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: கறுத்துக்கொண்டே போகும் பச்சை

கோவையிலிருந்து தடாகம் ரோட்டில் ஆனைகட்டி சுமார் 30 கிலோமீட்டர். ஆனைகட்டியில் ஒரு பள்ளத்தைத் தாண்டினால் கேரளா. கொடுங்கரைப் பள்ளம் என்று பெயர். அதுவும் பவானியில் சேரும் தண்ணீர்தான். அங்கிருந்து அகளி, தாவளம் வழியாக முக்காலி. கோவையிலிருந்து மொத்தம் 70 கிலோமீட்டர் அளவுக்கு வரும். தூரம் குறைவுதான், ஆனால் வளைவுப் பாதை. குழந்தைகளுக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

இந்தப் பாதையில் பகலில் போவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஒரே பயணத்தில் மழையின் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம். ஆனைகட்டியைத் தாண்டியதும் நம்ம ஊர் மாதிரியே வறண்ட மலை. முள்ளும் கருங்கல்லும் வெள்ளாடும். இது மலை மறைவுப் பகுதி. கிழக்கு அட்டப்பாடியில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர்கூட மழை கிடைக்காது. மேற்கே போகப் போக வாழை வருகிறது, பாக்கு வருகிறது, மிளகுக் கொடி வருகிறது. முக்காலிக்குப் போனால் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய மரங்கள். அந்த மேற்கு முனையில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. இடையில் உள்ளது நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை.

"நம்ம ஊரு மழையைப் போல நாலு பங்கு" என்றார் அண்ணன்.

"அதுல ஒரு பங்குதான் நம்ம வாய்க்கால்ல வருது" என்றார் அப்பா.

முக்காலியில் வனத்துறைக்குத் தங்கும் இடம் உண்டு. அதற்கும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தனியார் விடுதிகளும் இருக்கின்றன. சாயங்காலம் நான்கு மணிக்கு ஆற்றுக்குப் போனோம். அகலமான பாறைப் படுகை. மாசி மாதம் என்பதால் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் ஓடுகிறது. நம் ஊரில் மாசியில் ஓடுகிற ஓடை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆறு வளைந்து கிழக்கே போகும் பக்கத்தை அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தார். "இது இனிமேத்தான் நம்மூருக்கு வரோணும்" என்று பேத்தியிடம் சொன்னார்.

இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். யானை நடமாட்டம் உள்ள ஊர். ராத்திரி வாசலில் உட்கார்ந்து பேசும் பழக்கத்தை மூன்று நாளைக்கு மறந்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள்: சருகு பேசிய பாடம்

காலை எட்டு மணியிலிருந்து ஜீப்கள் கிளம்புகின்றன. மதியத்துக்கு மேல் உள்ளே விடுவதில்லை. முக்காலியிலிருந்து சைரந்திரி வரை 23 கிலோமீட்டர். குலுங்கிக் குலுங்கிப் போகும். முதுகு வலி உள்ளவர்கள் முன் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போய்வர நாலைந்து மணி நேரம் ஆகும். உள்ளே கடை கிடையாது, செல்போன் சிக்னல் கிடையாது. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொண்டோம். பிளாஸ்டிக் கூடாது.

எங்களுடன் வந்த வழிகாட்டி அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர் இருளர். அவர் பேசிய பேச்சு முக்கால்வாசி நமக்குப் புரிந்தது. பாதி வழியில் வண்டியை நிறுத்தி ஒரு மேட்டைக் காட்டினார். இந்தப் பக்கச் சரிவில் விழும் மழை பவானிக்குப் போய் வங்காள விரிகுடாவில் சேரும், அந்தப் பக்கச் சரிவில் விழும் மழை குந்திப்புழையில் இறங்கி அரபிக்கடலுக்குப் போகும் என்றார். வரப்புக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நாம் சண்டை போடுவோம். இங்கே ஒரு மலை முகடே வரப்பாக இருக்கிறது.

அதற்கு மேல் காடு வெயிலை மறைத்துவிட்டது. பிப்ரவரி மாதம், மணி பத்து, ஆனாலும் சட்டைக்குள் குளிர். மேலே பெரிய மரங்கள், அதற்குக் கீழே நடுத்தர மரங்கள், அதற்குக் கீழே செடிகள், கொடிகள், தரையில் சருகு. நாம் தென்னைக்கு நடுவில் வாழை, வாழைக்கு நடுவில் மஞ்சள் என்று ஊடுபயிர் போடுகிறோம் இல்லையா? அதையே யாரும் நடாமல் காடு செய்து வைத்திருக்கிறது.

வழிகாட்டி ஒரு இடத்தில் நிறுத்தி மேலே கையைக் காட்டினார். வெடிப்பலா மரம். பலாப்பழம் போலவே முள்ளாக இருக்கும் சின்னக் காய், கிளையில் கொத்துக் கொத்தாக. சிங்கவால் குரங்குக்கு முக்கியமான சாப்பாடு இது. பூவையும் தின்னும், கொட்டையையும் தின்னும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கும் குரங்கு. மரத்திலேயே வாழும், தரைக்கு இறங்குவது குறைவு. இருபது நிமிஷம் சத்தம் போடாமல் நின்றோம். கிளை ஆடியது. கறுப்பு உடம்பும், முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியுமாக ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான். யானையும் புலியும் பார்த்தே ஆக வேண்டும் என்று போகிறவர்களுக்கு இந்தக் காடு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அடர்ந்த காட்டில் மிருகம் தெரிவது குறைவு.

அந்த இடத்தில்தான் எங்கள் பயணத்தின் முக்கியமான காரியம் நடந்தது. அப்பா தன் கைத்தடியால் பாதை ஓரத்துச் சருகைக் கிளறினார். மேலே உலர்ந்த இலை. அதற்குக் கீழே பாதி மக்கிய இலை. அதற்கும் கீழே கறுப்பாக, பிசுபிசுவென்று மண். தடி ஒரு சாண் இறங்கியது. மழை பெய்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டார். ரொம்ப நாள் ஆச்சு ஐயா என்றார் வழிகாட்டி.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்கும் அப்பாவுக்கும் ஆறு வருஷமாக ஒரே சண்டை. தென்னந்தோப்பில் மட்டையையும் ஓலையையும் மரத்தடியிலேயே பரப்பி மூடாக்கு போடலாம் என்பது என் கட்சி. தோப்பு கூட்டிப் பெருக்கின வாசல் மாதிரி இருக்க வேண்டும், சருகு கிடந்தால் பாம்பு வரும், பார்க்கிறவர்கள் சோம்பேறி என்பார்கள் என்பது அவர் கட்சி. வாரத்துக்கு ஒருநாள் கூட்டிக் குவித்துத் தீ வைத்துவிடுவார்.

வழிகாட்டி அவரிடம் விளக்கியது இதுதான்: இலை மழையின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. சருகு தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. வேர் போன வழியில் அது மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் மெதுவாகக் கசிந்து ஓடைக்கு வருகிறது. மழை நின்ற பிறகும் மாசியில் ஆறு ஓடுவதற்கு அதுதான் காரணம்.

அப்பா தடியைத் துடைத்துக்கொண்டு, "இங்க யாரும் கூட்டறதில்லையாட்டம் இருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கட்டாமல் விட்ட அணை

சைரந்திரியில் சுமார் 30 மீட்டர் உயரத்தில் ஒரு கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது. அப்பாவும் அக்காவும் கீழேயே இருந்துகொண்டார்கள். மேலே ஏறினால் நான்கு பக்கமும் காடு. ஒரு ஊர் இல்லை, ஒரு வயல் இல்லை. கீழே பள்ளத்தாக்கில் குந்திப்புழை. அங்கிருந்து ஆற்றுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை. இறங்க விடுவார்களா என்பதை அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது ஏற்றம் என்பதால் மூட்டு வலிக்காரர்கள் யோசித்து இறங்குங்கள்.

இந்த ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக ஒரு அணை கட்டத் திட்டம் போட்டார்கள். 1973-ல் திட்டக் கமிஷன் ஒப்புதல் கொடுத்தது. கட்டியிருந்தால் காட்டில் 830 ஹெக்டேர் தண்ணீருக்குள் போயிருக்கும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி, பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி என்று பலர் எதிர்த்தார்கள். நம் விவசாயிகளுக்குத் தெரிந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1979-ல் மத்திய வேளாண்மைத் துறைச் செயலாளராக இருந்தபோது இந்தக் காட்டைப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள காடுகளையும் சேர்த்து மழைக்காட்டுக் காப்பகமாக வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். நாம் பயிர் செய்யும் மிளகு, ஏலக்காய் போன்றவற்றின் காட்டு உறவுகள் இங்கே இருக்கின்றன. புது நோய் வரும்போது எதிர்ப்புச் சக்தியைத் தேடி விஞ்ஞானிகள் போக வேண்டிய விதைப் பெட்டி இது. கடைசியில் 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1985 செப்டம்பரில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார்.

கீழே வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. நாங்கள் அணையால் பிழைப்பவர்கள். 1955-ல் பவானிசாகர் அணை வேலை முடிந்து வாய்க்கால் வந்த பிறகுதான் எங்கள் கொறங்காட்டு மண்ணில் நெல்லே விளைந்தது. அணை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை?

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம அணை வேணும். ஆனா அணை தண்ணிய நிறுத்தித்தான் வெக்கும், உண்டாக்கறது இது. இதையும் முழுக்கிப்போட்டா அப்பறம் எதைக் கொண்டாந்து நிறுத்தறது?"

மூன்றாம் நாள்: அட்டப்பாடியின் விதைகள்

பலர் காட்டைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். விவசாயிகள் இன்னொரு நாள் ஒதுக்கி அட்டப்பாடியைப் பாருங்கள். காலையில் கிளம்பி நின்று நின்று வந்தால் சாயங்காலம் கோவை.

இங்குள்ள பழங்குடி மக்கள் கேழ்வரகு, சாமை, தினையோடு துவரையும் அவரையும் கலந்து விதைப்பார்கள். அட்டப்பாடித் துவரை, அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரை இரண்டுக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆட்டின் கொம்பு போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். வெள்ளாட்டுக்காரர்கள் அட்டப்பாடிக் கறுப்பு ஆட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் சொந்த ஊர் இது. வழியில் ஒரு பெரியம்மாவிடம் அவரை விதை கால் படி வாங்கினோம். நாங்கள் பேரம் பேசவில்லை. நீங்களும் பேசாதீர்கள். அவர்கள் வீடுகளுக்குள் கேட்காமல் நுழைவது, போட்டோ எடுப்பது வேண்டாம்.

கிழக்குப் பக்கம் மலைகளைக் கவனித்துப் பாருங்கள். அங்கே மழை எப்போதும் குறைவுதான். ஆனால் மரத்தையும் வெட்டியதால் மேல்மண் அடித்துக்கொண்டு போய், ஓடைகள் வற்றி, நிலம் தரிசானது. 1990-களின் கடைசியிலிருந்து ஜப்பான் கடனுதவியோடு அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுக் கழகம் என்ற அரசு அமைப்பு கல் வரப்பு, தடுப்பணை, மரக்கன்று என்று வேலை செய்தது. ஊர் மக்களே கூலிக்கு நின்று செய்த வேலை. சில சரிவுகளில் மரம் மறுபடி எழுந்திருப்பதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். சில இடம் இன்னும் மொட்டையாகவே இருக்கிறது. காட்டை அழிப்பதற்கு ஆகும் நாளும், திரும்பக் கொண்டுவர ஆகும் நாளும் ஒன்றல்ல.

பால் சொசைட்டியில் கேட்ட கேள்விகள்

ஊருக்கு வந்ததும் பால் ஊற்றும் இடத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். உங்களுக்கும் இதே சந்தேகம் இருக்கலாம்.

*வயசானவர்களைக் கூட்டிப் போகலாமா?* போகலாம். ஜீப்பிலேயே சைரந்திரி வரை போய் வரலாம், நடை கட்டாயம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மூன்று நாளைக்குப் பதில் ஐந்து நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அகளிக்குப் பக்கத்தில் கோட்டத்தறையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. நெஞ்சுவலி வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

*அட்டை கடிக்குமா?* மாசியில் எங்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஈரமான மாதங்களில் கடிக்கும். முழுப் பேன்ட், நீளமான சாக்ஸ் போட்டு, பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். உப்பு ஒரு பொட்டலம் போதும். கடித்தால் பிடுங்காமல் உப்பை வையுங்கள், விழுந்துவிடும்.

*காட்டுக்குள்ளேயே தங்க முடியுமா?* நினைத்தபடி கூடாரம் போட முடியாது. வனத்துறையே நடத்தும் நடைப்பயணம், தங்கல் ஏதாவது அந்தச் சமயத்தில் இருக்கிறதா என்று பதிவின்போது கேளுங்கள். அதைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். அது குற்றம்.

*சாயங்காலம் ஒரு 'கட்டிங்' கிடைக்குமா?* இதையும் ஒருவர் கேட்டார். அட்டப்பாடி மதுவிலக்குப் பகுதி. கொண்டுபோவதும் தப்பு.

*அப்படி என்னத்தைப் பார்த்துட்டு வந்தீங்க?* இதற்கு அப்பாதான் பதில் சொன்னார். "மண்ணைப் பாத்துட்டு வந்தோம்."

வந்த பிறகு

திரும்பிய மறுநாள் காலையில் அப்பா வழக்கம்போலச் சீமாறை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், வழித்தடத்தை மட்டும் கூட்டியிருக்கிறார். கிழக்கு ஓரத்தில் நாலு வரிசைத் தென்னைக்கு மட்டையையும் ஓலையையும் வட்டப்பாத்தியில் பரப்பி வைத்திருக்கிறார். மட்டையைக் கையால் எடுக்காமல் தடியால் தள்ளித் தள்ளிப் போட்டது தெரிந்தது. பாம்பு பயம் இன்னும் போகவில்லை.

"நாலு வரிசைதான். சித்திரை வெயில்ல ஈரம் நிக்குதான்னு பாப்போம். நிக்கலீன்னா பழையபடி கூட்டிருவேன்" என்றார்.

சரி என்றேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு நாலு வரிசை கிடைத்திருக்கிறது. ஆட்டுக்கொம்பு அவரையை வேலி ஓரம் ஊன்றியிருக்கிறோம். எங்கள் மண்ணில் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

காலையில் பேப்பர் வந்தால் இப்போதும் அணையின் நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். அதோடு, ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அட்டப்பாடிப் பக்கம் மழை எப்படி என்றும் அப்பா கேட்க ஆரம்பித்துவிடுவார் என்று நினைக்கிறேன். முக்காலி ஆற்றங்கரையில் நின்ற இடம் அவருக்கு இப்போது தெரியும்.